மத்தியானம் ரெண்டு மணி டெஸ்ட்

பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கைக்கு வந்தால் முதலில் மோந்துதான் பார்ப்பேன். எதிரே நிற்பவர்களுக்குச் சிரிப்பு வரும். மாம்பழம் வாங்குகிறவர் காம்பை மோந்து பார்ப்பதில்லையா, அது மாதிரிதான். ஃப்ளக்ஸ் வாடை அடித்தால் யாரோ சமீபத்தில் ஹாட் ஏர் காட்டியிருக்கிறார்கள். சிகரெட் வாடை என்றால் ராத்திரி முழுக்க ரெண்டரிங் ஓடிய ஸ்டுடியோ. சாம்பிராணி என்றால் வெள்ளிக்கிழமை பூஜை தவறாத ஆபீஸ். பல சமயம் பின் தகட்டில் ஆயுதபூஜை சந்தனமும் காய்ந்து ஒட்டியிருக்கும். சேற்று வாடை அடித்தால் தொட மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

என் தொழில் கோட்டூர்புரத்தில் ஒரு முதல் மாடி அறையில் நடக்கிறது. வாசலில் போர்டு கிடையாது. யாராவது சொல்லித்தான் வருவார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஐஐடி, அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள். அந்தப் பக்கம் கோடம்பாக்கம், சாலிகிராமத்து வி.எஃப்.எக்ஸ் ஆட்கள்; நடுவில் அடையாறு, மயிலாப்பூர் ஆர்க்கிடெக்டுகள். கேம் ஆடுகிற கார்டு நான் எடுப்பதில்லை. குவாட்ரோ, டெஸ்லா, ஆர்டிஎக்ஸ் ஏ வரிசை, இவ்வளவுதான். புதிதாக வாங்கினால் ஒரு மாருதி காரின் முன்பணம் ஆகிவிடுகிற சாமான்கள். நாலைந்து வருடம் ஓடி முடித்தபிறகு நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டும்.

2009இல் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் சிஸ்டம் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஒரு ஜிபி மெமரி உள்ள குவாட்ரோ எஃப்எக்ஸ் 3800 அங்கே பெரிய சொத்து. பட ரிலீசுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது திரையில் பச்சைப் பச்சையாகக் கோடு போட்டுச் செத்துப்போனது. முதலாளி பணத்தைக் கையில் திணித்து, சாயந்திரத்துக்குள் இன்னொன்று வேண்டும் என்றார். சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு ஓடினேன். முதல் கடையிலேயே பளபளவென்று ஒன்று கிடைத்தது. ‘செக்கிங் வாரண்டிதான், இங்கேயே பார்த்துக்கோ’ என்றார்கள். பார்த்தேன், ஓடியது. பதினெட்டாம் நாள் அதே பச்சைக் கோடு. நல்லவேளை, படம் ரிலீசாகிவிட்டிருந்தது.

அது ஹாட் ஏர் காட்டிய கார்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. சிப்புக்கு அடியில் மணல் பரு மாதிரி நூற்றுக்கணக்கான சாலிடர் புள்ளிகள் இருக்கின்றன. சூடேறி ஆறி, சூடேறி ஆறி அவற்றில் வெடிப்பு விழும். மேலே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற மாதிரி சூடு காட்டினால் வெடிப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாள் ஓடும். அந்தக் காலத்துச் சிப்புகளில் இந்த வியாதி சகஜம். 2008 ஜூலையில் என்விடியாவே, சிப்பின் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்ததற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. கம்பெனி டாலரில் ஒதுக்கியது, நான் முதலாளியின் வசவில் கட்டினேன்.

அதே தெருவில் இன்னொரு பெரியவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். செத்த கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, புதுசா பழசான்னு பார்க்காதே. இதுக்கு முன்னாடி எவன் வீட்ல குடியிருந்துச்சுன்னு கேளு” என்றார். பதினாறு வருடமாக நான் செய்துகொண்டிருப்பது அந்த விசாரிப்புதான்.

நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் லீஸ் முடிந்து வருகின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற பெரிய ஆபீஸ்கள் வொர்க்ஸ்டேஷன்களை மூன்று வருட லீசில் எடுப்பார்கள். முடிந்ததும் அவை மொத்தமாக லாட்டில் போகும். ஏசி அறை, ஒழுங்கான கரண்ட், யாரும் மூடியைத் திறந்திருக்க மாட்டார்கள். திருகாணியில் கீறல் இருக்காது. ஆனால் லாட்டில் பொறுக்கி எடுக்க விட மாட்டார்கள்; பன்னிரண்டு எடுத்தால் இரண்டு டெட் பீஸ் என்று மனதில் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். ஸ்டுடியோவிலிருந்து வருபவை அடுத்த ரகம்: உழைத்தவை, ஆனால் உண்மை சொல்லக்கூடியவை. கடற்கரைப் பக்க ஆபீஸ்களிலிருந்து வருவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் உப்புக்காற்று பின்பக்கத் தகட்டில் வெள்ளைப் பூ பூத்துவிடும். செம்பு ஹீட்சிங்க் ஓரத்தில் பச்சை கட்டும். தகட்டோடு நின்றால் பரவாயில்லை, கனெக்டருக்குள் போயிருந்தால் வேண்டாம்.

மூக்கும் கண்ணும் சொன்னதை அடுத்துக் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். இந்த வரிசைக் கார்டுகளில் எனக்குப் பிடித்த சங்கதி, அவற்றால் முழுதாகப் பொய் சொல்ல முடியாது. என்விடியா-எஸ்எம்ஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது. கேம் கார்டில் அது சீரியல் நம்பரைக் காட்டாது. குவாட்ரோ, டெஸ்லாவில் காட்டும். மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோடு அது ஒத்துப்போகாவிட்டால் மூடியோ உடம்போ, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. இசிசி உள்ள கார்டு என்றால் மெமரி எத்தனை முறை தப்புக் கணக்குப் போட்டது என்றும் எழுதி வைத்திருக்கும். சில கில்லாடிகள் அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கி அனுப்புவார்கள், அதற்கும் கட்டளை உண்டு. ஆனால் பாஸ்கல், வோல்டா தலைமுறை வரை தப்புச் செய்த மெமரி பக்கங்களை ‘ஓய்வு கொடுத்தது’ என்று கார்டு தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அதை அழிக்க வழியில்லை. பிழை பூஜ்யம், ஓய்வு பெற்ற பக்கங்கள் பதினேழு என்று ஒரு தடவை காட்டியது. கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

பிறகுதான் ரெண்டு மணி டெஸ்ட். பெயர் நான் வைத்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கார்டை முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம் ஓட விடுவேன். ஏசியில் பாஸ் ஆவது பெரிய காரியம் இல்லை. வாங்குகிறவர் விடுதி அறையிலும் மொட்டைமாடி ஷெட்டிலும் வைத்து ஓட்டப்போகிறார். மார்கழியில் சமர்த்தாக இருந்த கார்டு அக்னி நட்சத்திரத்தில் ஓடிய பத்தாம் நிமிடத்தில் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டு, வேகத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரம் வாடிக்கையாளரை அறையில் உட்காரவைப்பதில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகம் நடக்கிற தூரம், அங்கே ஏசி உண்டு, போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

ரீஃபர்பிஷ் என்ற சொல் பெரிதாகக் கேட்கிறது. வேலை என்னவோ பாத்திரம் தேய்க்கிற வேலை. நம் ஊர்த் தூசி தனி ஜாதி. தாளிப்புப் புகை சேர்ந்து கம்பளி மாதிரி ஹீட்சிங்க் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, பிரஷ்ஷும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். சிப் மேலே காய்ந்த பேஸ்டைச் சுரண்டிப் புதிது தடவ வேண்டும். மெமரி மேலே ஒட்டுகிற பேடில்தான் பலர் கோட்டை விடுவது. அரை மில்லிமீட்டர் தடிமன் கூடிப்போனால் ஹீட்சிங்க் மேலே தூக்கிக்கொள்ளும், நடுவில் இருக்கிற சிப்பைத் தொடாது. புதுப் பேடு போட்டபிறகு முன்னைவிட அதிகமாகக் கொதிக்கிறதே என்று என்னிடம் வருகிற கார்டுகள் நிறைய. நானும் ஒரு தடவை அப்படி ஒரு குவாட்ரோ எம்4000ஐக் கெடுத்திருக்கிறேன்.

சேற்று வாடைக் கதை இதுதான். 2015 வரை எனக்குத் தரைத்தளத்தில்தான் அறை. டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் அடையாற்றில் இறங்கிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. ஹவுசிங் போர்டுக் குடியிருப்புகளில் மனிதர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கார்டைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் அசிங்கம், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். தண்ணீர் வடிந்தபிறகு போய்ப் பார்த்தால் ஷெல்ஃபில் பதினொரு கார்டு, எல்லாம் களிமண் பூசிக்கொண்டு பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

கழுவினேன். ஆல்கஹாலில் ஊறவைத்து, காயவைத்து, ஒரு வாரம் கழித்து மாட்டிப் பார்த்தால் ஒன்பது ஓடின. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வெள்ளத்தில் நனைந்தது என்று சொல்லித்தான் மூன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தேன். ஜூன் மாதத்துக்குள் மூன்றும் திரும்பி வந்தன. என்னிடம் இருந்த ஆறும் ஒவ்வொன்றாகப் போயின. சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற உப்பு சிப்புக்கு அடியில், பிரஷ் போகாத இடத்தில் தங்கிவிடுகிறது. மேலே கரண்ட் ஓட ஓட, நம் ஊர் ஈரக்காற்றும் சேர, அங்கே உலோகம் வேர் விடுவது மாதிரி மெல்லிய நூலாக வளர்ந்து இரண்டு புள்ளிகளைத் தொட்டுவிடும். அன்றைக்கு ஷார்ட். சொல்லிவிட்டுத்தானே விற்றேன் என்று மனம் வாதாடியது. மூன்று பேருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் மாடிக்கு மாறினேன். அடுத்த வருடம் ஒரு தரகர் நாற்பது கார்டு லாட் ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தன. ஒன்றை எடுத்து மோந்தேன். மூடிவைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இந்தத் தொழிலில் மிகுதியான நேரம் போவது, வேண்டாம் என்று சொல்வதில். கடல் அலையைக் கணக்கிடுகிற ஆய்வாளர் ஒருவர் வந்தார். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் ஏ5000 பழையதாக இருந்தால் வேண்டும், எவ்வளவு என்றாலும் சரி என்றார். என்ன கணக்கு சார் என்று கேட்டேன். இரட்டைத் துல்லியம் என்றார். ஏ5000 படம் வரையவும் ஏஐ மாடல் ஓட்டவும் அருமையான கார்டு. இரட்டைத் துல்லியத்தில் அது அரை டெராஃப்ளாப் வேகத்தைக்கூடத் தொடாது. 2016இல் வந்த டெஸ்லா பி100 அதில் 4.7 டெராஃப்ளாப் போடும். ஐந்து வயது மூத்தது பத்து மடங்கு வேகம், விலை கால்வாசிக்கும் கீழே. அவர் நம்பவில்லை. நூலகத்துக்குப் போய் அவருடைய லேப்டாப்பில் தேடிப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து, பி100 இரண்டு இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கு என் லாபம் போனது நிஜம்தான். அவர் சொல்லி அனுப்பி அதன்பிறகு ஏழு பேர் வந்தார்கள்.

டெஸ்லா வரிசையில் வேறு வில்லங்கம். அவை சர்வருக்காகச் செய்தவை. ஃபேன் கிடையாது, மானிட்டர் மாட்ட இடமும் கிடையாது. டெஸ்லா பி40 என்ற கார்டில் 24 ஜிபி மெமரி. இரண்டு மூன்று வருடமாக மாணவர்கள் அதன் மேல் பைத்தியமாக இருக்கிறார்கள், ஏனென்றால் அவ்வளவு மெமரி அந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம். ஒரு தம்பி எங்கேயோ வாங்கிக்கொண்டு போய் அவருடைய பிசியில் மாட்டினார். கார்டில் எட்டு முனைச் சாக்கெட். கிராஃபிக்ஸ் கார்டுக்கான எட்டு முனை ஒயரை எடுத்துச் செருகினார், போகவில்லை, அழுத்திச் செருகினார். சாக்கெட் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் பி40க்கு வேண்டியது மதர்போர்டில் சிபியுவுக்குப் போகிற ஒயர்: நாலு மஞ்சள், நாலு கறுப்பு. கிராஃபிக்ஸ் ஒயரில் மூன்று மஞ்சள், ஐந்து கறுப்பு, அதுவும் இடம் மாறி. “அண்ணா, ஒரு சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான்” என்று கொண்டுவந்து வைத்தார். வாடை அறை முழுக்கப் பரவியது. மோந்து பார்க்க அவசியமே இல்லை.

பிழைத்த பி40களுக்குக் காற்று வேண்டும். முதலில் அட்டைப்பெட்டியை வெட்டிக் குழாய் செய்து, ஒரு பக்கம் ஃபேன் வைத்து டேப் ஒட்டிக் கொடுத்தேன். பிறகு முப்பரிமாண பிரிண்டில் குழாய் அடித்து வாங்கினேன். சின்ன ஃபேன், பெரிய சத்தம். விடுதி அறை நண்பர் ஒருவர் இதற்காகவே அறை மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. கரண்டும் லேசுப்பட்டதில்லை: 250 வாட்ஸ் கார்டு இருபத்திநாலு மணி நேரம் ஓடினால் நாளைக்கு ஆறு யூனிட், நம் இரண்டு மாத பில்லில் 360 யூனிட். வீட்டில் வைத்து ஓட்டுகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன், பிறகு அவர்களுடைய அம்மா எனக்குப் போன் பண்ணக்கூடாது.

2022 செப்டம்பர் 15 கோட்டூர்புரத்துக்காரனுக்குச் சுலபமாக நினைவிருக்கிற தேதி. அண்ணா பிறந்தநாள், 2010இல் அதே நாளில்தான் நூலகம் திறந்தது. எத்தீரியம் நாணயத்துக்குக் கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்று முறையை மாற்றியதும் அன்றைக்குத்தான். மறுவாரமே சந்தையில், அதுவரை அந்த நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்த மைனிங் கார்டுகளின் மழை. பெரும்பாலும் கேம் கார்டுகள், ஆனால் ஆர்டிஎக்ஸ் ஏ4000ம் அதில் கணிசமாக வந்தது. 140 வாட்ஸில் வேலை பார்க்கும் என்பதால் மைனிங்காரர்களுக்கு அது செல்லப்பிள்ளை. மைனிங் கார்டு என்றாலே தீட்டு என்று ஒரு பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராத்திரி பகல் ஓடியது உண்மை, ஆனால் ஒரே சூட்டில் ஓடியது. சாலிடரைக் கொல்வது சூடேறி ஆறுவதுதான். மைனிங் கார்டில் தேய்வது ஃபேன், காய்வது பேடு; இரண்டும் மாற்றக்கூடியவை. தினம் நாற்பது தடவை கொதித்து ஆறிய கேம் கார்டைவிட, சொல்லி விற்கிற மைனிங் கார்டு மேல். மைனிங் என்பதை மறைத்து விற்பதுதான் தப்பு.

கார்டு நன்றாக இருக்கும்போதே செத்துப்போவது இன்னொரு வகை. டெஸ்லா கே80, 2014 நவம்பரில் ஐயாயிரம் டாலருக்கு வந்தது. ஒரு காலத்தில் கூகுள் கோலாபில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்ததும் அதுதான். 2022 டிசம்பரில் என்விடியாவின் மென்பொருளான கூடா 12 வந்தபோது கே80 இருக்கிற கெப்ளர் தலைமுறையைக் கைவிட்டார்கள். கார்டு ஓடும், புது மென்பொருள் அதைத் திரும்பிப் பார்க்காது. என்னிடம் நாலு மிச்சம். ஒன்று காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருக்கிறது, நல்ல கனம். 2025 ஆகஸ்டில் கூடா 13 வந்து மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூன்றையும் ஒரே மூச்சில் நீக்கியது. பி40ம் பி100ம் பாஸ்கல். ஷெல்ஃபில் இருந்த ஆறு பி40 ஒரே நாளில் கிழடு தட்டின.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் வந்தார். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குகிற ஆராய்ச்சி. கையில் மஞ்சப்பை, பையில் நோட்டு.

“சார், பி40 இருக்குன்னு சொன்னாங்க.”

“இருக்கும்மா. தீசிஸ் எப்ப குடுக்கணும்?”

“2028.”

அப்படியென்றால் வேண்டாம் என்றேன். ரெடியாக இருக்கிற மாடலைச் சும்மா ஓட்டிப் பார்க்க பி40 போதும். மூன்று வருடம் மாடலைப் பயிற்றுவிக்க, வருடத்துக்கு வருடம் மாறுகிற மென்பொருளோடு ஓட, அது ஆகாது. பதினாறு பிட் கணக்கில் ஏற்கெனவே நொண்டும். அதே பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் ஏ4000 ஒன்று இருக்கிறது, 16 ஜிபி, சொந்த ஃபேன், ஒரே ஒரு ஆறு முனை ஒயர் போதும், விடுதி பிசியில் இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும் என்றேன்.

“எட்டு ஜிபி குறையுதே சார்.”

“குறையுது. பேட்ச்சைக் குறைச்சுக்கணும். இன்னொண்ணு, இது மைனிங்ல இருந்து வந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்ல பதினாலு மாசம்.”

அவர் முகம் சுருங்கியது. அரசாங்கம் 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு இந்தியாஏஐ திட்டம் போட்டிருக்கிறதே, மணிக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாக ஜிபியு வாடகைக்குத் தருகிறார்களே, அதற்கு விண்ணப்பித்தால் என்ன என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள், பெரிய ஓட்டத்துக்கு அதுதான் சரி என்றேன். தப்பும் தவறுமாக முதல் நூறு தடவை ஓட்டிப் பார்க்க மேசைக்கு அடியில் ஒன்று இருந்தால் நல்லது, அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். போனவர் வேறெங்காவது பி40 வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன், வாங்கினால் ஒயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டோமே என்று ராத்திரி தோன்றியது.

நாலாம் நாள் வந்தார். பழைய பேடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் காட்டினேன்: கருவாடு மாதிரி காய்ந்து, எண்ணெய் கக்கியிருந்தன. புது ஃபேனையும் காட்டினேன். சீரியல் நம்பரை ஸ்டிக்கரோடு அவரே ஒப்பிட்டார். ரெண்டு மணிக்கு ஏசியை அணைத்தேன். நூலகத்துக்குப் போகச் சொன்னேன், போகவில்லை; ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிகிரியைக் குறித்துக்கொண்டிருந்தார். 71, 78, 82. மூன்று மணிக்குக் கரண்ட் போய் யுபிஎஸ் கத்தியது. ரெண்டு நிமிடத்தில் வந்தது, டெஸ்ட் நிற்கவில்லை. மூன்றரைக்கு 84இல் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை.

“பில்லுல மைனிங்னு எழுதித் தருவீங்களா சார்?” என்று கேட்டார்.

எழுதிக் கொடுத்தேன்.